ஆவாரையும் தரிசும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், போகியன்று வாசலில் கட்டுகிற காப்பைப் பற்றி எழுதும்போது, கூரைப்பூவோடு சேர்த்துக் கட்டுகிற ஆவாரம்பூவை நான்கே வரியில் கடந்துவிட்டேன். விடுவார்களா? வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை வேறு செடிகளுக்கு விடுமுறை. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

டீச்சர், போகிக்கு ஆவாரம்பூ ஒரு கொத்து இருபது ரூபாய் கொடுத்து வாங்கினேன். சின்ன வயதில் வீட்டுக்குப் பின்னால் போய் ஒடித்து வருவோம். ஆவாரையெல்லாம் எங்கே போயிற்று? (திருமங்கலம் வாசகி)

உங்கள் வீட்டுக்குப் பின்னால் இப்போது என்ன இருக்கிறது என்று எழுதவில்லையே. நானே சொல்லட்டுமா? பிளாட் கல்.

ஆவாரை அதிகம் கேட்காத செடிதான். ஆனால் கேட்பதில் விட்டுக்கொடுக்காது. மரநிழல் இல்லாத வெட்டவெளி வேண்டும். தண்ணீர் தேங்காத மேடு வேண்டும். மண் செவலாக இருந்தாலும் சரி, சரளையாக இருந்தாலும் சரி, பாறை இடுக்காக இருந்தாலும் சரி. நம் மதுரைப் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் அதிகம் கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான். மீதி மாதங்களில் பெரும்பாலும் வெயில். அந்தக் கணக்குக்கு ஏற்றாற்போல் அமைந்த செடி இது. வெளிநாட்டிலிருந்து யாரும் கொண்டுவந்து நட்டதில்லை. இந்தியாவின் வறண்ட பகுதிகள், இலங்கையின் வறண்ட பகுதி, மியான்மர், இவைதான் அதன் பிறந்த வீடு.

நேரில் பார்க்க வேண்டுமா? ஆரப்பாளையத்தில் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். மலையேற்றம் தொடங்குகிற காட்ரோடு வரைக்கும் சாலையோர மேடுகளில் மஞ்சள் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். மலை ஏற ஏற, காற்று குளிரக் குளிர, குறைந்து நின்றுபோகும். அழகர்மலையிலும் அடிவாரத்தில்தான் தேட வேண்டும். மரங்கள் அடர்ந்த உள்பகுதியில் அதற்கு வேலையில்லை. நாகமலை அடிவாரம், கீழக்குயில்குடி சமணர் மலையைச் சுற்றிய மேடுகள், பேரையூரிலிருந்து சாப்டூர் போகிற வழி, இங்கெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக் குன்றுகளுக்குப் போனால் இப்படிப்பட்ட மேட்டு நிலம் எப்படி இருக்கும் என்று தெரியும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, அதே ஊர்தான். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊரும் சேர்ந்து 193 ஹெக்டேர். ராஜாளிப் பறவைகளுக்காகவும் சமணர் படுகைக்காகவும் போகிறவர்கள் கொஞ்சம் கீழேயும் குனிந்து பாருங்கள்.

ஆவாரை நிற்கிற நிலத்துக்கு நாம் வைத்திருக்கிற பெயர் தரிசு. பட்டா இருந்தால் தரிசு, இல்லாவிட்டால் புறம்போக்கு. இரண்டு சொல்லுக்கும் நடைமுறையில் ஒரே அர்த்தம்தான்: யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்யலாம். காட்டை அழித்தால் பேப்பரில் செய்தி வரும். தரிசை அழித்தால் மேம்பாடு என்பார்கள்.

நான் வேலை பார்த்த பள்ளிக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் போல ஒரு மேடு இருந்தது. சீமைக்கருவேல் கால்வாசி, ஆவாரை முக்கால்வாசி, நடுவில் கொளுஞ்சி, துத்தி, பூனைமீசை. கருவேலை அகற்றுகிறோம் என்று ஒரு நாள் ஜேசிபி வந்தது. அதற்குக் கருவேல் எது, ஆவாரை எது என்று தெரியுமா? மூன்று மணி நேரத்தில் எல்லாம் வழித்துவிட்டது. அடுத்த மாதம் ஓர் அமைப்பினர் வந்து, பசுமையாக்குகிறோம் என்று வேம்பும் புங்கனும் நட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். சித்திரை வந்தது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கன்றுகள் குச்சியாகிவிட்டன. அதற்கு அடுத்த மழையில் முதலில் முளைத்தது என்ன தெரியுமா? கருவேல். ஆவாரை ஓரத்தில் நாலைந்து வந்தது. கருவேலை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிவாளோடு இரண்டு பேர் வந்திருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும், ஆவாரையும் மிஞ்சியிருக்கும்.

அந்த இருபது ரூபாயைத் திட்டாதீர்கள். அதைப் பறித்து வந்த அம்மா எத்தனை மேடு தேடி நடந்தாரோ.

எங்கள் தாத்தா ஆவாரம்பட்டை உரித்துப் பிழைத்தார் என்று அப்பா சொல்வார். பட்டையை யார் வாங்கினார்கள்? (உசிலம்பட்டி வாசகர்)

என் அய்யாவும் அதே வேலை பார்த்தவர்தான். பேரையூர்ப் பக்கம் எங்கள் ஊர். வெள்ளாமை இல்லாத மாதத்தில் ஆவாரைக் குச்சியை வெட்டிக் கட்டாகக் கொண்டுவந்து வீட்டு முன்னால் போடுவார். அப்பத்தா கட்டையால் தட்டித் தட்டிப் பட்டையை இளக்குவார். தட்டினதும் சட்டை கழற்றுகிற மாதிரி உரிந்து வரும். காயவைத்துக் கட்டுகிற வேலை பிள்ளைகளுக்கு. ஒரு நாள் முழுக்க அதைத் தொட்டால் விரல் நுனி பழுப்பாகி, நாக்கில் வைத்தால் துவர்க்கும். தெரியாமல் வைத்துப் பார்த்ததுதான்.

வாங்கினது திண்டுக்கல் தோல்ஷாப்புகள். தரகர் வண்டி கட்டி வருவார். ஆவாரம்பட்டையில் ஏறத்தாழ 18 சதவீதம் துவர்ப்பொருள் இருக்கிறது. பச்சைத்தோலில் உள்ள புரதத்தை அது பிடித்து இறுக்கிவிடும். அதனால்தான் தோல் அழுகாது, தண்ணீர் பட்டாலும் கூழாகாது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கடைசியில் கடுக்காயில் முக்கி எடுப்பார்கள். சென்னை மாகாணத்திலிருந்து இப்படிப் பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் லண்டன் சந்தைக்குக் கப்பலேறின. ஆங்கிலத்தில் இந்தச் செடிக்குப் பெயரே தோல் பதனிடுபவரின் கொன்றை என்பதுதான்.

அப்புறம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. அது ஆஸ்திரேலிய மரம். அதில் துவர்ப்பு கூட. அதையே நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தோட்டம் தோட்டமாக நட்டார்கள். மலைமேல் இருந்த புல்வெளிகளை அது விழுங்கிய கதை தனி. இங்கே ஒரு வேடிக்கை பாருங்கள். ஆவாரை, வாட்டில், சீமைக்கருவேல் மூன்றும் ஒரே அவரைக் குடும்பம். ஊர்க்காரப் பங்காளியின் பிழைப்பை வெளியூர்ப் பங்காளி ஒருத்தன் எடுத்தான், இடத்தை இன்னொருத்தன் எடுத்தான். கடைசியில் தோல் பதனிடக் குரோமிய உப்பு வந்து பட்டை வேலையையே பெரும்பாலும் முடித்துவைத்தது. அய்யா அதற்கு முன்பே பட்டையை விட்டுவிட்டு ஆடு வாங்கிவிட்டார்.

ஆவாரை அவரைக் குடும்பம் என்றால் வேர் முடிச்சு இருக்கும், நிலத்துக்குத் தழைச்சத்து சேரும், சரிதானே? (மேலூர், விவசாயி)

நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு வகுப்பு முழுக்க அவமானப்படும் வரைக்கும். பதினோராம் வகுப்புக்கு வேர் முடிச்சு காட்ட வேண்டும். பள்ளிக்குப் பின்னால்தான் ஆவாரை இருக்கிறதே என்று இரண்டு பையன்களை அனுப்பி, கடப்பாரை போட்டுப் பெயர்த்துவரச் சொன்னேன். வேரைக் கழுவிக் கழுவிப் பார்க்கிறோம், முடிச்சு இல்லை. "டீச்சர், மண்ணோட போயிருச்சு போல" என்று என்னைக் காப்பாற்றப் பார்த்தான் ஒருவன். இன்னொரு செடியும் பெயர்த்தோம். அதிலும் இல்லை.

அப்புறம் படித்துப் பார்த்தால்தான் தெரிகிறது. அவரைக் குடும்பத்தில் எல்லோரும் பாக்டீரியாவோடு கூட்டு வைப்பதில்லை. ஆவாரையும் அதன் நெருங்கிய உறவுகளும் வேர் முடிச்சு போடாத கிளை. மறுநாள் அதே மேட்டிலிருந்து கொளுஞ்சியைப் பிடுங்கினோம். நரம்பு மாதிரி வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தது. ஒன்றை நசுக்கிப் பார்த்தால் உள்ளே ரத்தச் சிவப்பு. முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அந்தச் சிவப்புதான் அடையாளம்.

அதனால் உங்களுக்குப் பதில்: ஆவாரைத் தழையை வெட்டி நடவுக்கு முன் வயலில் மிதித்துவிடலாம், நம் பெரியவர்கள் செய்ததுதான், நல்ல தழை உரம். ஆனால் அது நின்ற இடத்தில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்று நம்பாதீர்கள். அதற்குக் கொளுஞ்சி விதையுங்கள்.

ஆவாரம்பூ டீ குடிக்கிறோம். எங்கள் தெருவில் இரண்டு விதமான மஞ்சள் பூச்செடி இருக்கிறது. எது ஆவாரை? (வில்லாபுரம் வாசகி)

நல்லவேளை கேட்டீர்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவில் இரண்டாவது ஆவாரை இல்லை, பேயாவாரை. சாக்கடை ஓரம், குப்பைமேடு, காலி மனை, இப்படி மண் கிளறிய இடத்தில் முளைக்கும். இலையைக் கசக்கினால் நாற்றமடிக்கும். ஒரு காம்பில் நாலைந்து ஜோடி இலைதான், ஒவ்வொன்றும் பெரிதாக, நுனி கூராக இருக்கும். காய் ஒடுங்கி நீண்டு லேசாக வளைந்திருக்கும். இதன் விதை விஷம். மேற்கு உத்தரப்பிரதேசத்தில் இந்த விதையைத் தின்ற குழந்தைகள் கல்லீரலும் மூளையும் பாதித்து இறந்ததை மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தெருவில் பிள்ளைகள் விளையாடினால் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

ஆவாரைக்கு அடையாளம் இலைதான். ஒரு காம்பில் எட்டிலிருந்து பன்னிரண்டு ஜோடி, சின்னதாக, நுனி மழுங்கி இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் குண்டூசித் தலை மாதிரி ஒரு சுரப்பி நிற்கும். காம்பு கிளையில் சேருகிற இடத்தில் காது மடல் மாதிரி ஒரு ஜோடி செதில் இருக்கும். அறிவியல் பெயரான சென்னா ஆரிகுலேட்டாவில் ஆரிகுலேட்டா என்றால் காதுள்ளது என்றுதான் அர்த்தம். காய் பட்டையாக, காய்ந்தால் காகிதம் போல் இருக்கும். காது இருக்கிறதா, சுரப்பி இருக்கிறதா, காய் காகிதமா என்று மூன்றையும் பார்த்துவிட்டுப் பறியுங்கள். ஒன்று குறைந்தாலும் பறிக்காதீர்கள்.

நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரை என்று ஒன்று கொடுப்பார்கள். அது வேறு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பயிர் செய்து ஏற்றுமதியாகும் பேதி மருந்து. டீ என்று நினைத்துப் போட்டுக் குடித்தால் அன்று பஸ் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆவாரம்பூ சர்க்கரையைக் குறைக்குமா? மாத்திரையை விட்டுவிடலாமா? (சிம்மக்கல் வாசகர்)

விடக்கூடாது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ரத்தச் சர்க்கரை குறைந்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. நீங்கள் எலி இல்லை. நான் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்காரி. பூவைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்துச் சாப்பிடுகிறேன், மாத்திரையும் போடுகிறேன். டீயும் குடித்து மாத்திரையும் போட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் வாய்ப்புண்டு. டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்கிறார்களே, கண்டதுண்டா? (சோழவந்தான் வாசகர்)

உண்டு. எங்கள் அப்பத்தா. ஆவாரைக்கு நடுவில் பிறந்து, ஆவாரையைத் தட்டிப் பிழைத்து, தை மாதம் அது பூத்துக் கிடக்கும்போதுதான் போய்ச் சேர்ந்தார்.

என் தேனீப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறைய ஆவாரை இருக்கிறது. தேன் கூடவில்லையே, ஏன்? (வாடிப்பட்டி வாசகர்)

ஆவாரம்பூவில் தேன் சுரக்காது. அது கொடுப்பது மகரந்தம் மட்டும்தான். அதையும் எளிதில் கொடுக்காது. மற்றப் பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துப் பொடி வெளியே நிற்கும். ஆவாரையில் பை வெடிப்பதில்லை, நுனியில் துளை மட்டும் விழும். உப்பு டப்பா மாதிரி. குலுக்கினால்தான் கொட்டும்.

குலுக்க ஆள் வேண்டுமே. அதுதான் ஓட்டு வீட்டு உத்திரத்தைத் துளைக்குமே, அந்தக் கருவண்டு. காலை நேரத்தில் ஆவாரைப் புதர் பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள். வண்டு பறந்து வரும்போது ஒரு சத்தம், பூவைக் கட்டிப் பிடித்ததும் வேறு சத்தம். சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்கிறது, ஸ்ருதி ஏறிவிடும். அந்த அதிர்வில் பொடி சொரியும். பூவுக்குள் பத்து மகரந்தத்தாள் இருக்கிறது. மேலே இருக்கிற மூன்றும் மலடு. கீழே நீளமாக வளைந்து நிற்கிற மூன்றுதான் பெரியவை. வண்டு நடுவில் இருக்கும் சிறியவற்றைக் குலுக்கித் தின்னப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெரியவை அதன் உடம்பில் பொடியைப் பூசி அடுத்த பூவுக்கு அனுப்பிவிடும். உங்கள் பெட்டித் தேனீக்கு இந்தக் குலுக்கல் வித்தை தெரியாது. சிந்தினதைப் பொறுக்கத்தான் அது வரும். தேன் வேண்டுமென்றால் புங்கனும் வேம்பும் பூக்கிற இடத்துக்குப் பெட்டியை நகர்த்துங்கள்.

ஹைதராபாத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஆவாரம்பூவைக் கோபுரம் மாதிரி அடுக்கிக் கும்மி அடிக்கிறார்களே! (பழங்காநத்தம் வாசகி)

அது பதுகம்மா என்ற பூத்திருவிழா. அவர்கள் ஊரில் ஆவாரைக்குத் தங்கேடு என்று பெயர். தெலங்கானாவின் மாநில மலரே அதுதான். நம் மாநிலத்துக்குச் செங்காந்தள். எனக்கு அதில் ஒரு சின்னப் பொறாமை உண்டு.

சங்க காலத்தில் மடலேறுகிறவன் ஆவிரை மாலை போட்டுக்கொண்டானாம். ஏன் அந்தப் பூ? (மதுரை, தமிழ் முதுகலை மாணவி)

நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும், நான் விலங்கியலும் தாவரவியலும் படித்தவள். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். காதல் கைகூடாமல் பனைமடலில் குதிரை செய்து தெருவுக்கு வருகிறவன் ஆவிரையோடு, அதாவது நம் ஆவாரையோடு, எருக்கும் பூளையும் அணிகிறான். மூன்றுமே யாரும் வளர்க்காத மேட்டுநிலப் பூ. வெட்கத்தை விட்டவனுக்குக் காவல் இல்லாத நிலத்துப் பூ பொருத்தம் என்று நினைத்திருக்கலாம், இது என் ஊகம். இன்னொன்றைக் கவனித்தீர்களா? அந்தப் பூளையைத்தான் நாம் கூரைப்பூ என்கிறோம். காதலில் தோற்றவன் கழுத்தில் கிடந்த ஆவிரையும் பூளையும் இன்றைக்குப் போகியன்று நம் வீட்டு நிலைவாசலில் தொங்குகின்றன. நடுவில் என்ன நடந்தது என்று யாராவது ஆய்வேடு எழுதினால் முதல் பிரதியை நான் விலை கொடுத்து வாங்குவேன்.

விதை போட்டேன், இரண்டு மாதமாக முளைக்கவில்லை. (கூடல்நகர் வாசகர்)

தோல் கெட்டி. உப்புத்தாளில் விதையை லேசாகத் தேயுங்கள், அல்லது கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு அப்படியே ஓர் இரவு விடுங்கள். ஊறி உப்பியதை மட்டும் விதையுங்கள். தொட்டி வேண்டாம், வேர் ஆழம் தேடும். நட்ட பிறகு பாசத்தில் தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிடாதீர்கள். இலையில் பச்சைப் புழு வந்தால் மருந்து அடிக்காதீர்கள், கொஞ்ச நாளில் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியாகப் பறந்துவிடும். ஆடு வரும் என்ற கவலை வேண்டாம். எங்கள் பக்கத்து ஆடுகள் ஆவாரையை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

உங்கள் வீட்டில் ஆவாரை இருக்கிறதா டீச்சர்? (பெயரும் ஊரும் இல்லை)

மூன்று தடவை விதைத்தேன். ஒரு தடவை நிழலில் வெளுத்துப்போயிற்று, ஒரு தடவை நானே தண்ணீர் ஊற்றி அழுக வைத்தேன், மூன்றாவதைக் களை என்று நினைத்து வேலைக்கு வந்த பையன் பிடுங்கிவிட்டான். இப்போது நிற்பது நான் போட்டதில்லை. காம்பவுண்டு சுவர் கட்ட ஒரு டிராக்டர் சரளை மண் அடித்தோம். மிஞ்சினதை வாசலோரம் குவித்துவிட்டுக் கொத்தனார் போய்விட்டார். அள்ளச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். அடுத்த மழையில் அந்தக் குவியலின் உச்சியில் முளைத்தது. இப்போது என் தோள் உயரம். இந்தப் போகிக்கு அதிலிருந்துதான் ஒடித்தேன். எதிர்வீட்டுப் பெண்ணும் வந்து, "அத்தை, ரெண்டு கொத்து எடுத்துக்கிறேன்" என்று கேட்டுவிட்டு நாலு கொத்து ஒடித்துக்கொண்டு போனாள். மண்ணை அள்ள வருகிறேன் என்று கொத்தனார் போன வாரம் போன் செய்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.